நாச்சியாரோடு எப்படி விளையாடுவது

கீழச்சிவல்பட்டி,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சிவபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேலை அலுப்பில் சாப்பாட்டை விட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார், மழை விழுந்தால் முழங்கால் வலி மட்டும் கூடுகிறது. நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது, கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. நானும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட ஆசைதான், ஆனால் என் சங்கதி உனக்கே தெரியும், பொய் எழுத வரவில்லை.

போன வாரம் நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது தம்பி. என் ஆபரேசனுக்கு வருவாயா என்று கேட்டதற்கு, “நான் வந்து என்னம்மா செய்யப்போறேன், எனக்கு அந்தப் புள்ளையத் தூக்கக்கூடத் தெரியாது” என்றாய். எனக்கு அழுகைதான் வந்தது, நீயும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். ரெண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. வரமாட்டேன் என்று நீ சொல்லவில்லை, தெரியாது என்றுதானே சொன்னாய், தெரியாததைச் சொல்லிக்கொடுத்துவிடலாமே என்று நினைத்தேன். போனில் சொன்னால் பாதியிலே மறுபடியும் அழுதுவிடுவேன். வாட்சப்பில் அடித்தால் நீ மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, மருது மாமா மகன் முத்துராமன் புதன்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசி.

உன் தங்கை நாச்சியாருக்கு ரெண்டரை வயதாகிவிட்டது. அவள் என் வயிற்றில் இருந்தபோதுதான் நீ கிளம்பினாய். வளர்ந்த பையனுக்குத் தாய் மாசமாக இருக்கிறாள் என்றால் கூட்டாளிகள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கே திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறக் கூச்சமாக இருந்தது, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டுதான் செக்கப்புக்குப் போய்வந்தேன். அதனால் நீ முகம் கொடுத்துப் பேசாமல் போனதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே. அவள் பிறந்த பிறகு டாக்டர் எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்து, பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது, உட்காருவாள், நடப்பாள், பேசுவாள், எல்லாம் வரும், ஆனால் மெதுவாக வரும், நீங்கள் விடாமல் கூட இருந்து வரவைக்க வேண்டும் என்றார். உன்னிடம் வளர்ச்சி கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொன்னோம், நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சிவகங்கையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அங்கே மஹாலட்சுமி என்று ஒரு பெண், இதற்கென்றே படித்தவள், உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே என்னிடம், “அக்கா, இங்க நான் அரைமணி நேரந்தான், மிச்சமெல்லாம் நீங்கதான். வெளையாட்டாவே செய்யுங்க. பாடம்னு ஆக்கிட்டீகன்னா ஒங்களப் பாத்தாலே பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கிரும்” என்றாள். என்ன பொம்மை வாங்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அடுப்படியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து நம் வீட்டு அடுப்படியில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருந்ததில்லை. அப்பாவுக்குக் காப்பி டம்ளர் வேண்டுமென்றால் கட்டிலுக்கு அடியில் குனிந்துதான் எடுக்க வேண்டும்.

நீ வந்தால் செய்ய வேண்டியது இதுதான். காலையில் அவள் பால் குடித்து முடித்து முகம் தெளிவாக இருக்கும்போது பாயை விரித்து எதிரே உட்கார், பக்கத்தில் இல்லை, நேர் எதிரே, உன் வாய் அசைவது அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு கரண்டியை அவள் பார்க்கும்படி தரையில் வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, “கரண்டி எங்கே” என்று கேள். கண்ணில் படாவிட்டாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டுமாம், அது பிடிபடத்தான் எங்களுக்கு ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஆனது. அப்புறம் ரெண்டு டம்ளர் எடுத்து ஒன்றில் கொஞ்சம் அரிசி போட்டு, இதிலிருந்து அதில், அதிலிருந்து இதில் என்று ஊற்றிக் காட்டு, பாதி பாயில் கொட்டும், கொட்டட்டும், ஆனால் வாயில் போட்டுக்கொள்வாள், கண்ணை எடுத்துவிடாதே. துணி காயப்போடுகிற கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டவிடு, அவள் விரலுக்கு வலு கம்மி, முதலில் உன் விரலை அவள் விரல் மேல் வைத்து அமுக்கு. மூன்று பாத்திரமும் மூன்று மூடியும் வைத்து எதற்கு எது என்று பார்க்கவிடு. தட்டில் காகிதத் துண்டு கிழித்துப் போட்டு ஊதச் சொல், உதடு பழகினால்தான் பேச்சு வருமென்று மஹாலட்சுமி சொன்னாள். பெரிய வெங்காயத்தையும் சின்ன வெங்காயத்தையும் ஒன்றாகக் கொட்டி ரெண்டு கூடையில் பிரிக்கவிட்டோம், அதில் மட்டும் அவள் என்னைவிட வேகம், தோலை உரித்து வீடு முழுக்க இறைப்பதும் அவள்தான். வெயில் அடித்தால் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், ஒரு வாளித் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கொடுத்துவிடு, கைப்பிடிச் சுவரில் கோடு இழுப்பாள், இழுக்க இழுக்கக் காயும், மறுபடி இழுப்பாள், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இதெல்லாம் யாருக்கும் வரும். வராதது ஒன்று இருக்கிறது, அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். செய்து காட்டிவிட்டு நீ சும்மா இருக்க வேண்டும். கேட்டதையே திரும்பக் கேட்கக் கூடாது, எடுத்துக் கையில் கொடுத்துவிடக் கூடாது, பதில் சொல்லிவிடக் கூடாது. அவளுக்குக் காதில் விழவே இல்லை என்று நீ நினைப்பாய். விழுந்திருக்கும் தம்பி. அது உள்ளே போய், அவள் அதைப் புரிந்து, கைக்குச் சொல்லி, கை கிளம்புவதற்கு நேரம் பிடிக்கும். நாம் பொறுக்கமாட்டாமல் முந்திக்கொண்டால் பாதி வழியில் அவள் விட்டுவிடுவாள். உனக்குக் கட்டிய அதே சேலைத் தூளிதான் அவளுக்கும். ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்திப் பிடித்துக்கொள்வேன், “இன்னும்” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ நாள் ஒன்றும் நடக்கவில்லை. புரட்டாசியில் ஒரு மத்தியானம் வாயைக் குவித்து, “இன்னூ” என்றாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே கையோடு உள்ளே ஓடிவந்து, யார் பேசியது என்று கேட்டார். நான் மறுபடியும் நிறுத்தினேன், மறுபடியும் சொன்னாள். அன்று சாயந்திரம் வரை ஆட்டி ஆட்டி எனக்குக் கை விட்டுப்போனது.

அந்தக் கைவலி போகவில்லையே என்று தடவிப் பார்த்தபோதுதான் இடது மாரில் கட்டி தட்டுப்பட்டது. காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஸ்கேன், ரத்தம், சதை எடுத்து டெஸ்ட் என்று ஒரு வாரத்துக்கு மேல் இருக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குத் துணையாக உன் சித்தி வந்தாள். நாச்சியாரை அப்பாவிடமும் பெரியம்மாவிடமும் விட்டுப்போனேன், பாய், டம்ளர், கிளிப்பு எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்த அன்று வாசலில் நின்று நாச்சி என்று கூப்பிட்டேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது, அவள் நிமிரவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். கூடை நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அப்பாவைக் கேட்டேன். “நீ போன அன்னைலருந்து ஒரே அழுகை லேகா, எனக்குத் தாங்கலை. போனக் குடுத்தா அழுகைய நிப்பாட்டுனா, குடுத்துட்டேன்” என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும். வயலையும் பார்த்துக்கொண்டு அவளுக்குச் சோறும் ஊட்டிக் கழுவியும் விட்டிருக்கிறார். போனைப் பிடுங்கினேன், அன்று அவள் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் டம்ளரைக் கொடுத்தேன், வீசி எறிந்தாள். துண்டைப் போட்டு மூடினேன், கரண்டி அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தூளியை ஆட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், எவ்வளவோ நேரம் நின்றேன் தம்பி, அவள் ஒருக்களித்துப் படுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வாரத்தில் இத்தனையும் போய்விட்டது என்றால், ஆபரேசன், அதற்கப்புறம் மாசக்கணக்கில் ஊசி மருந்து என்று நான் கிடக்கும்போது என்ன மிஞ்சும் என்று நீயே யோசித்துப் பார்.

அன்று பெரியம்மா வந்திருந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “எதுக்கு லேகா ஒன்னையவே இப்படி வருத்திக்கிறே. மதுரைப் பக்கம் இந்தப் பிள்ளைகளுக்குன்னே இல்லம் இருக்காம், அவுக நல்லாப் பாத்துக்கிருவாக. நீ ஒன் ஒடம்பத் தேத்து” என்றார். கெட்ட மனசில் சொல்லவில்லை, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். டாக்டர் கட்டியைப் பற்றிச் சொன்னபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அதனால்தான் அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, ஆபரேசனைப் பொங்கலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதற்குள் விட்டதையெல்லாம் பிள்ளைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் கோபப்படவில்லை. காரணம் கேட்டார், சொன்னேன். “இது தள்ளிப்போடுற விசயமில்லம்மா. நீங்களே இல்லாமப் போனா அந்தப் பிள்ளையோட யாரு வெளையாடுவா” என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், நீங்கள் இவளோடு உட்காரப் பழகினால்தான் நான் ஆபரேசனுக்குப் போவேன், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும், கரண்ட் வருவதற்குள் மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் பத்து நடை நடக்கிற ஆள். முதல் நாள் பாத்திரமும் மூடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாச்சியார் ஒரு மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், அதற்குள் வாங்கி, இந்தா இப்படித்தான் என்று இவரே மூடிவிட்டார். அவள் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மறுநாளும் அதே கதைதான். நானும் கத்தினேன், அவரும் கத்தினார், சாப்பிடாமல் வயலுக்குப் போனார். நேற்று முன்தினம் அவராகவே வந்து பாயில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், கை தானாக நீண்டுவிடுகிறதாம். நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கரண்ட் வந்துவிட்டது, மடை திருப்பப் போக வேண்டும், அவர் அசையவில்லை. நாச்சியார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நக்கிப் பார்த்தாள், பெரிய சட்டியில் வைத்தாள், அது உள்ளே விழுந்தது, எடுத்தாள். அப்புறம் சின்னத் தூக்குவாளியில் வைத்து அமுக்கினாள். சரியாக உட்கார்ந்துவிட்டது. அவர் கையைத் தட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை, எழுந்து வயலுக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு, “இவள எங்கயும் விட வேணாம் லேகா” என்றார். அவர் கண் சிவந்திருந்தது, நான் அதைப் பார்க்காத மாதிரி ரசம் ஊற்றினேன்.

இவ்வளவு நடந்த பிறகு உன்னை ஏன் கூப்பிடுகிறேன் என்று நினைக்கிறாயா. அப்பா என்னோடு மதுரையில் இருந்தாக வேண்டும் தம்பி. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, மருந்து வாங்க, என்னைப் பிடித்துக்கொள்ள அவரைவிட்டால் ஆள் இல்லை, சித்திக்கு அவள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. ஊசி மருந்துக்கும் அவர்தான் அழைத்துப்போக வேண்டும். ஆபரேசன் முடிந்தால் இடது கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாதாம், பிள்ளையை எங்கே தூக்குவது. அப்படியென்றால் அவள் பெரியம்மா வீட்டில்தான் இருப்பாள். பெரியம்மா குளிப்பாட்டுவார், வயிறாரப் போடுவார், பொட்டு வைத்துச் சிங்காரிப்பார். ஆனால் அவளுக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறாள் என்று அவர் நம்பவில்லை. நம்பாதவர் எப்படிக் காத்திருப்பார், போனைத்தான் கொடுப்பார். இந்தப் பயம் கத்திக்குப் பயப்படுவதைவிடப் பெரிதாக இருக்கிறது. மயக்க ஊசி போட்டுக் கண்ணை மூடும்போது அவள் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருப்பதுதான் என் கண்ணில் வந்து நிற்கும் என்று தெரிகிறது.

லீவு இல்லை என்று சொன்னாய். உன் சூப்பர்வைசரிடம் நேரில் போய்க் கேள், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேள், நம் வீட்டில்தான் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. அவரும் ஒரு தாய் பெற்றவர்தானே. ஒரு மாதம் கிடைத்தால் ஒரு மாதம், பதினைந்து நாள்தான் என்றாலும் சரி. பணம் அனுப்புகிறேன், ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்றாய். போட்டுப் பார்த்தோம் தம்பி, ரெண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்காக வா என்று கேட்கவில்லை என்று எழுத வந்தேன், அதுவும் பொய்தான், எனக்காகவும்தான் கேட்கிறேன். உன்னைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

அவளுக்கு உன்னைத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் காலேஜ் போட்டோவை வைத்து, அண்ணன் எங்கே என்று தினமும் கேட்போம், விரலை வைப்பாள். இப்போது வைப்பதில்லை, அதுவும் திரும்ப வரும். நீ வந்து இறங்கிய அன்றே தூக்க வேண்டாம், பயந்துவிடுவாள். பாசம் வருகிறதா இல்லையா என்று உன்னையே நீ கேட்டுக்கொண்டு இருக்கவும் வேண்டாம். எதிரே உட்கார்ந்து ஏதாவது ஒரு சாமானை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இரு. முதலில் உன் கையைப் பார்ப்பாள். ரொம்ப நேரம் கழித்து உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது மட்டும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே ஐயா. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

உனக்கு நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, தீர்க்காயுசாக இருக்க நம் குலசாமி கூட நிற்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், நீ வருகிற தேதியைச் சொன்னால் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவரே வருகிறாராம். முத்துராமனிடம் உனக்குக் கொஞ்சம் பருப்புப்பொடி கொடுத்துவிட்டிருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவளுக்கு மிக்சிச் சத்தம் என்றால் உயிர் போய்விடும், வீட்டில் யார் மிக்சி போட்டாலும் அதற்கு முன்னால் அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்து, ரெண்டு காதையும் பொத்திக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சந்திரலேகா அய்யப்பன்